மஞ்சள் விளக்கின் மேல் ஒரு பொட்டு

ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்காருங்கக்கா, நான் இந்தப் பக்கம் வந்துடறேன். குமட்டினால் ஜன்னல்தான் நல்லது. இந்தாங்க எலுமிச்சம்பழம், மோந்துக்கிட்டே வாங்க. ஒரு ஓரத்தில் மடியில் இருக்கிற இந்தப் பாப்பா கடித்துவிட்டாள், பரவாயில்லை, மறுபக்கம் நன்றாகத்தான் இருக்கு.

வால்பாறையிலிருந்து இறங்கறது இதுதான் முதல் தடவையா? இன்னும் நாற்பது வளைவு இருக்கு. ஒவ்வொன்றுக்கும் போர்டு வைத்திருப்பாங்க. நாற்பது, முப்பத்தொன்பது என்று இறங்க இறங்கக் குறையும். ஒன்று வந்தால் ஆழியாறு. அப்புறம் பொள்ளாச்சி வரைக்கும் நேர் ரோடுதான். கண்ணை மூடாதீங்க, மூடினால்தான் புரட்டும். யாராவது பேசிக்கொண்டே வந்தால் வளைவு தெரியாது. ஆனால் பாருங்க, எனக்குப் பேச வராது.

நிஜமாகத்தான் சொல்கிறேன். ஆறாவது வரைக்கும் படித்தேன், ஆறு வருஷமும் வாத்தியார் என் குரலைக் கேட்டதில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் மூன்று மாசம் பார்த்துவிட்டு என் அப்பாவுக்குப் போன் போட்டாங்களாம். "ஏனுங் சம்மந்தி, புள்ளைக்குப் பேச்சு வராதுன்னு ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்லீங்களா" என்று. அப்படிப்பட்ட என்னை இன்றைக்குப் பேசச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போறாங்க. உங்களுக்கு வளைவு, எனக்கு இது.

நெற்றியைப் பார்க்கறீங்களா? காலையில் பொட்டு வைத்துத்தான் கிளம்பினேன். இவள் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டாள். அட்டையில் அதுதான் கடைசி. முன்னெல்லாம் ஒரு அட்டை ஒரு மாசம் வரும். இந்த ஆறு மாசமாகப் பத்து நாள்கூட வருவதில்லை. பாதி இவள் தின்றது. மீதிப் பாதி என் நெற்றிக்கும் போகவில்லை. அது வேறு கதை. சொல்லலாமா வேண்டாமா தெரியவில்லை.

மெதுவாகச் சொல்கிறேன். அதோ டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில், புது வெள்ளைச் சட்டை, தெரியுதுங்களா? அவங்கதான் எங்க வீட்டுக்காரர். முகத்தைப் பார்க்காதீங்க, திரும்பிவிடப் போறாங்க. காலைப் பாருங்க, வலது காலை. இதோ வளைவு வருது… மிதிச்சாங்களா? பஸ் டிரைவர் பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடியே இவங்க மிதிச்சுடுவாங்க. எந்த வண்டியில் உட்கார்ந்தாலும் அப்படித்தான். வலது செருப்புத்தான் முதலில் தேயும்.

பேரா? பேரெல்லாம் நான் சொல்ல மாட்டேங்கக்கா. டீக்கடையில் எல்லாரும் சென்னியப்பா, சென்னியப்பா என்று கூப்பிடுவாங்க. ஐயோ, சொல்லிவிட்டேன். இல்லை, அது டீக்கடைக்காரங்க சொன்னது. நான் சொன்னதாக ஆகாது.

இவங்க முதலில் ஒரு எஸ்டேட்டில் எட்டு வருஷம் ஜீப் ஓட்டினாங்க. அந்த ஜீப்பில் கதவு ஒரு பக்கம்தான். அப்புறம் எங்க முதலாளி, கோயம்புத்தூர்க்காரர், மேலே ஒரு பங்களா கட்டினார், விருந்தாளிங்க வந்து தங்கறதுக்கு. இவங்களை டிரைவராக வைத்துக்கொண்டார், எனக்குச் சமையல் வேலை. பங்களாவுக்குப் பின்னாலேயே ரெண்டு அறை, சமையற்கட்டு, வெந்நீருக்குத் தனி அடுப்பு. இவள் பிறந்தது அந்த வீட்டில்தான். அந்த வீட்டைத்தான் இப்போது… இருங்க, வரிசையாகச் சொல்கிறேன்.

போன ஆவணியில் முதலாளி புது வண்டி வாங்கினார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. சாதாரண வண்டியில் ரெண்டு சக்கரம்தான் வேலை செய்யுமாம், மற்ற ரெண்டும் சும்மா கூட வரும், விசேஷ வீட்டுக்கு வருகிற சொந்தக்காரங்க மாதிரி. இதில் நாலும் வேலை செய்யும். பூஜை போட எல்லாரும் பொள்ளாச்சி ஷோரூமுக்கு வந்தோம். இவங்க நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாங்க. முதலாளி போனில் பேசிக்கொண்டிருந்தார். ஷோரூம் பையன் ஒருத்தர் வண்டியைப் பற்றி விளக்கிச் சொல்லணும், அது அவர் வேலை, ஆனால் கேட்கத்தான் ஆளில்லை. பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான்தான் நின்றேன். எதிர்த்துப் பேசாமல் நிற்கிற ஆள் கிடைத்தால் விடுவாரா? எல்லாவற்றையும் என்னிடமே சொல்லிவிட்டார்.

"இந்தப் பொத்தான் பாருங்கக்கா. வண்டி வழுக்கற மாதிரி படம், பின்னால ரெண்டு வளைஞ்ச கோடு. வண்டி வழுக்கறது உங்களுக்குத் தெரியறதுக்கு முன்னாடி அதுக்குத் தெரிஞ்சுடும். எந்தச் சக்கரம் வழுக்குதோ அதை மட்டும் பிடிச்சு நிறுத்தும், இன்ஜினையும் கொஞ்சம் அடக்கும். வண்டி பக்கவாட்டுல போனா நேராக்கிடும். நாலு சக்கரத்துக்கும் தனித்தனியா பிரேக் பிடிக்க எந்த டிரைவராலயும் முடியாதுங்க, கால் ஒண்ணுதானே இருக்கு. சேத்துல சிக்கினா மட்டும் இதை அமுக்கிப் பிடிச்சு அஞ்சு எண்ணுங்க, அணைஞ்சுடும். சேத்துல இருந்து ஏறினதும் மறுபடி ஒரு அமுக்கு, வந்துடும். மறக்காதீங்க" என்றார். வண்டியை அணைத்து மறுபடி ஸ்டார்ட் பண்ணினாலும் அது தானாகவே வந்துவிடுமாம்.

அது அணைந்திருந்தால் முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரியும். அது வேலை செய்தால் விளக்கு அணைந்திருக்கும். அது அணைந்தால் இது எரியும், அது இருந்தால் இது அணையும். எனக்கு உடனே புரிந்துவிட்டது. மாமியார் வீட்டில் இருந்தபோது நானும் அவங்களும் அப்படித்தான்.

ஏப்பம் வருதா? வரட்டும், நல்லதுதான். முப்பத்தாறு தாண்டிவிட்டோம்.

பங்களா கேட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு ஏத்தம் இருக்கு. செம்மண். மழைக்காலத்தில் மிதித்த கால் திரும்பி வராது. முதல் மழை, முதலாளி பக்கத்தில் உட்கார்ந்திருக்கார், நானும் பாப்பாவும் பின்னால். இவங்க ஆக்ஸிலேட்டரை மிதிக்கறாங்க, வண்டி டக டக டக என்று முனகிவிட்டு நின்றுவிட்டது. மறுபடி மிதிக்கறாங்க, மறுபடி டக டக. முதலாளி சிரிக்காமல் வெளியே பார்த்தார். சிரித்திருந்தால்கூட இவங்களுக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

"நான் போன்னு மிதிக்கறேன், இது வேண்டாங்குது! வண்டிக்கு யாருங்க சார் டிரைவர்? நானா, இதுவா?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "அந்தப் பொத்தானைப் பிடிச்சு அஞ்சு எண்ணணுமாம்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். எண்ணினாங்க. விளக்கு எரிந்தது. வண்டி நாலு பக்கமும் சேற்றை வாரி அடித்துக்கொண்டு ஏறிவிட்டது. முதலாளி திரும்பி, "பரவாயில்லையே, இந்தப் பொண்ணு பேசுதே" என்றார்.

பேசினது தப்பாகப் போச்சு. ஏறினதும் ஒரு அமுக்கு அமுக்கணும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும். சொல்லக் கூச்சமாக இருந்தது, ஒரே நாளில் ரெண்டு பேச்சா என்று விட்டுவிட்டேன். இவங்களுக்கு அந்தப் பொத்தான் பிடித்துப்போச்சு. சேற்றில் மட்டும் அணைக்கிறதை விட்டுவிட்டு, எந்நேரமும் அணைக்க ஆரம்பித்தாங்க. தார் ரோட்டிலும் அணை. மழையிலும் அணை. "கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறதுக்கு நான் என்ன பால்வாடிக் குழந்தையா? எட்டு வருசம் ஜீப்பு ஓட்டினவன்" என்பாங்க. ஸ்டார்ட் பண்ணினதும் அது தானாக வந்துவிடும் இல்லையா, அதில் இன்னும் கோபம். "பாரு, மறுபடி வந்துட்டான் சூப்பர்வைசர்!"

அப்புறம் அணைக்கிற வேலையை எனக்கே கொடுத்துட்டாங்க. காலையில் காய் வாங்க பஜாருக்குப் போவோம், முன் சீட்டில் நானும் மடியில் இவளும். சாவியைத் திருப்பினதும், "பாப்பாம்மா, அணை" என்பாங்க. நான் விரலை வைத்து ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு, அஞ்சு என்று எண்ணுவேன். உண்மையைச் சொல்லணுமென்றால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. என் விரலுக்கு அடங்குகிற பொருள் வீட்டில் வேறு எதுவும் கிடையாது.

அந்தப் பெருமை எத்தனை நாள்? ஒன்பது நாள். பத்தாவது நாள் பாசி பிடித்த ஒரு வளைவில் வண்டியின் பின்பக்கம் தனியாகக் கிளம்பிப் போச்சு அக்கா. முன்பக்கம் ரோட்டில் இருக்கு, பின்பக்கம் பள்ளத்தைப் பார்க்கப் போகுது. இவங்க ஸ்டியரிங்கை அப்படியும் இப்படியும் சுற்றி எப்படியோ கொண்டுவந்து நிறுத்தினாங்க. நெற்றியெல்லாம் வேர்வை. "பாத்தியா கன்ட்ரோலு?" என்றாங்க. பாப்பா கையைத் தட்டினாள், இன்னொரு தடவை வேணுமாம்.

மறுநாள் காலையில் "பாப்பாம்மா, அணை" என்றாங்க. விரலை வைத்தேன். அஞ்சு வரைக்கும் எண்ணினேன், கொஞ்சம் சத்தமாகவே எண்ணினேன். ஆனால் அமுக்கவில்லை.

ஆமாங்கக்கா. வைத்தேன், அமுக்கவில்லை. அவ்வளவுதான் நான் செய்தது.

ஆனால் விளக்கு எரியணுமே? எரியாவிட்டால் கண்டுபிடித்துவிடுவாங்களே? அதற்குத்தான் பொட்டு. கிளம்புவதற்கு முன்னாலேயே என் நெற்றியில் இருந்த மெரூன் வெல்வெட் பொட்டை, பெரிய சைஸ், எடுத்து அந்த விளக்கு வரும் இடத்தில் ஒட்டிவிட்டேன். "இதென்ன?" என்று கேட்டாங்க. "அந்த மஞ்ச வெளிச்சத்தையே பாத்துப் பாத்துப் பாப்பா கண்ணைக் கசக்கறா" என்றேன். கல்யாணமாகி நாலு வருஷத்தில் நான் இவங்ககிட்டச் சொன்ன முதல் பொய் அது. இவங்க பார்த்துவிட்டு, "இருக்கட்டும், வண்டிக்கும் திருஷ்டி கழியும்" என்றாங்க.

அன்றையிலிருந்து இதுதான் நடந்தது. செம்மண் ஏத்தம் வந்தால் நிஜமாகவே அமுக்குவேன். மேலே போனதும், இவங்க இறங்கி கேட்டைத் திறக்கிற நேரத்தில் மறுபடி ஒரு அமுக்கு. மற்ற நேரமெல்லாம் சும்மா விரல் வைத்து எண்ணுவேன். வெயிலில் பொட்டு உருகும், துடைக்கும்போது விழும், இவள் பிய்ப்பாள். உடனே புதிதாக ஒன்று. அட்டை எங்கே போகுது என்று இப்போது தெரியுதா?

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இவங்க ஓட்டுகிறது நன்றாகிவிட்டது. வழுக்குகிறது நின்றுபோச்சு. நிற்காமல் என்ன செய்யும்? இவங்களுக்கோ தலைகால் புரியவில்லை. "இப்பத்தான் வண்டி என் கைக்கு வந்திருக்கு. அந்த மெஷினு இருந்தப்பத்தான் கண்டபடி வழுக்குச்சு. அணைச்சதுக்கப்புறம் பாரு, ரோட்டைக் கவ்விக்கிட்டுப் போகுது!" டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்து பாடமே நடத்தினாங்க. கையில் டீ கிளாஸ்தான் ஸ்டியரிங்கு. இன்னொரு பங்களா டிரைவர் நேசமணி அண்ணன் அதைக் கேட்டுத் தன் வண்டியில் அணைத்துப் பார்த்து, நேராகத் தேயிலைச் செடிக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பொம்பளைங்கதான் கூடையோடு ஓடினாங்களாம். இவங்க போய்ப் பார்த்துவிட்டு வந்து, "பாவம், அவனுக்குக் கை பத்தலை" என்றாங்க. நேசமணி அண்ணன் வீட்டுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினேன். எதற்கு என்று அவங்களுக்குத் தெரியாது.

நான் இல்லாமல் இவங்க தனியாகப் போனால் என்னாகும் என்றுதானே பார்க்கறீங்க? எனக்கும் அதேதான் பயம். விருந்தாளிங்க இருந்தால் பயமில்லை, யாராவது கேட்பாங்க என்று பொத்தான் பக்கமே போக மாட்டாங்க. தனியாகப் போனால்தான் வம்பு. அதனால் எங்கே கிளம்பினாலும் தொற்றிக்கொள்வேன். உப்பு தீர்ந்துபோச்சு, பாப்பாவுக்கு ஊசி, செருப்பு அறுந்துபோச்சு. ஒரே செருப்பை நாலு தடவை தைத்துவிட்டேன். அக்கம்பக்கத்தில், "சென்னியப்பன் பொண்டாட்டிக்குப் புருசனை ஒரு நிமிசம் பிரிய முடியாது" என்று சிரிப்பாங்க. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு போய் வண்டியில் ஏறுவேன். வேறென்ன செய்யறது? மறுபடி பேரைச் சொல்லிவிட்டேனா? அதுவும் அக்கம்பக்கம் சொன்னதுதான்.

இதோ, பதினெட்டு. உங்க முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருக்குங்கக்கா.

போன புதன்கிழமை முதலாளியோட மாமியார் வந்தாங்க. கோயம்புத்தூரிலிருந்து பொள்ளாச்சி வரைக்கும் ரயிலில் வந்து, அங்கிருந்து நாங்க அழைத்து வந்தோம். கையில் ஒரு பெரிய தூக்குப்போசி நிறைய இட்லி மாவு. மலைக் குளிரில் மாவு பொங்காதாம், அதனால் கீழேயே பொங்கவைத்து எடுத்து வந்திருக்காங்க. பின் சீட்டில் உட்கார்ந்து போசியை ரெண்டு காலுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாங்க. நானும் இவளும் முன்னால். வயசானவங்க, மெஷினைப் பற்றி என்ன கேட்கப் போறாங்க என்று இவங்க அணைக்கச் சொல்லிட்டாங்க, விரல் வைத்து எண்ணியாச்சு.

இவங்களுக்குப் புது ஆள் கிடைத்தால் சும்மா இருக்குமா வாய்? "அம்மா, இந்த வண்டியில ஒரு மெஷின் இருக்குதுங்க. ஓட்டத் தெரியாதவங்களுக்காக வெச்சது. நான் அதை அணைச்சுட்டுத்தானுங் ஓட்டறது."

அந்தம்மா, "அப்படியா தம்பி? எங்க வீட்டு வாஷிங் மெஷினும் அப்படித்தான். ரொம்பக் கத்துச்சுன்னா நான் ஒயரையே புடுங்கிடுவேன்" என்றாங்க. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சு. நாற்பது வளைவும் மெஷினைத் திட்டிக்கொண்டே வந்தாங்க.

பங்களாவுக்கு ரெண்டு மைல் இருக்கும். தூறல். ஒரு வளைவு திரும்பினால், ரோட்டை அடைத்துக்கொண்டு காட்டுமாடு. லாரியை நிறுத்தி வைத்த மாதிரி நிற்குது. இவங்க பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தாங்க. வண்டி பள்ளத்துப் பக்கம் போச்சு. போச்சு என்றுதான் நானும் நினைத்தேன், பாப்பாவை இறுக்கிக்கொண்டேன். அப்போது காலுக்கடியில் கட கட கட என்று ஒரு சத்தம். ஒரு பக்கம் மட்டும் யாரோ காதைப் பிடித்துத் திருகினது போல, வண்டி தானாகத் திரும்பி நேராக வந்து நின்றது. மண்மேட்டில் இடித்து இந்தப் பக்கக் கண்ணாடி மட்டும் உடைந்தது. காட்டுமாடு எங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக மென்றுகொண்டு போச்சு.

பின்னாலிருந்து ஒரே அலறல். "மாவு!"

ஒரு சொட்டு சிந்தவில்லை அக்கா.

நாங்க ரெண்டு பேரும் இறங்கிவிட்டோம். அந்தம்மா மூடியைத் திறந்து மாவைப் பார்த்தாங்க, நான் பாப்பாவைப் பார்த்தேன். இவங்க மட்டும் இறங்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாங்க. பயந்துட்டாங்க என்று நினைத்தேன். நான் திரும்ப ஏறினபோது பொட்டைக் காணோம். அதிர்ச்சியில் உதிர்ந்திருக்கும். சீட்டுக்கடியில் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அது ஓரத்தில் பாப்பா பல் பதிந்த பொட்டு, அவள் வாயிலிருந்து மீட்டு ஒட்டினது, பசையே அரைகுறைதான். நல்லவேளை, இவங்க அதை ஒன்றும் கவனிக்கவில்லை. வீடு வந்து சேரும் வரைக்கும் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினாங்க. அப்படி இவங்க ஓட்டினதே கிடையாது.

வினை அந்தம்மா வழியாக வந்தது. நல்ல மனசோடுதான் மருமகனுக்குப் போன் போட்டிருக்காங்க. "மாப்ள, தங்கமான டிரைவரு. மெஷினையெல்லாம் அணைச்சுட்டு வெறுங்கையில காப்பாத்தினாரு. மாவு சிந்தலை" என்று.

மறுநாள் இவங்க டீக்கடையில் இருக்கும்போது முதலாளி போன் வந்திருக்கு. பாராட்டத்தான் கூப்பிடறார் என்று ஸ்பீக்கரில் போட்டுவிட்டாங்க, எல்லாரும் கேட்கட்டும் என்று. நான் ரொட்டி வாங்க அங்கேதான் நின்றேன்.

"சென்னியப்பா, அந்த சேஃப்டியை அணைச்சுட்டா ஓட்டினே?"

கடையில் பதினைந்து பேர். நேசமணி அண்ணனும் இருக்கார். எல்லாரும் இவங்க வாயையே பார்க்கறாங்க. இவங்க ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாங்க. எதற்குப் பார்த்தாங்களோ. அப்புறம், "ஆமாங்க சார். ஆறு மாசமா அப்படித்தானுங்" என்றாங்க.

"என் குடும்பத்தை உட்கார வெச்சுட்டு, சேஃப்டியை அணைச்சுட்டு ஓட்டியிருக்கே!" அப்புறம் அவர் பேசினதைச் சொல்லக் கூடாது, பாப்பா முழித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை அவரே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஷோரூமில் விட்டுவிட்டார். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அங்கே வா, நீ சொன்னது நிஜம் என்றால் சாவியைக் கொடுத்துவிட்டு, வீட்டையும் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார். அந்தத் திங்கட்கிழமைதான் இன்றைக்கு.

வண்டிக்குள் ஒரு பெட்டி இருக்கு, அதில் எல்லாம் பதிந்திருக்கும் என்று டீக்கடையில் சொன்னாங்க. எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது, நாம் வாயைத் திறக்காமலே தெரிந்துவிடும் என்று. அப்புறம் இவங்களே ஷோரூமுக்குப் போன் போட்டுக் கேட்டாங்க. அதே பையன்தான் பேசினார். காற்றுப் பை விரிகிற மாதிரி மோதினால்தான் பதியுமாம், கண்ணாடி உடைந்ததற்கெல்லாம் பதியாதாம். ஆக, அன்றைக்கு அது அணைந்திருந்ததா இல்லையா என்பது உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த ஒருத்திக்குப் பேச வராது.

நீங்களே சொல்லுங்கக்கா. அது அணையவில்லை, ஆறு மாசமாக ரோட்டில் அணையவே இல்லை என்று நான் சொன்னால் வேலை நிலைக்கும், வீடும் நிலைக்கும். ஆனால் இவங்க? ஆறு மாசம் பேசின பேச்செல்லாம் அந்த மெஷின் ஓட்டின ஓட்டு என்று ஆகிவிடும். டீக்கடை பெஞ்சில் எப்படிப் போய் உட்காருவாங்க? என்னை மன்னிப்பாங்களா? சொல்லாமல் விட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்குப் போகணும். ஒரே அறை, நடுவில் ஒரு துணி மறைப்பு.

இதில் காலையில் இவங்க சொன்னதுதான் எனக்குப் புரியவே இல்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "நீயும் வா. சார் என்னைக் கேட்டா நான் வேற சொல்ல மாட்டேன், சொன்னது சொன்னதுதான். உன்னையும் ஒரு வார்த்தை கேப்பாரு. உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு" என்றாங்க. எனக்கு என்ன தெரியும் என்று இவங்களுக்கு எப்படித் தெரியும்? பேச வராதவளைக் கூட்டிக்கொண்டு போய் நடுவில் நிறுத்தினால் நான் என்ன செய்வேன்? "எனக்கு என்னங்க தெரியும்?" என்று கேட்டேன். லைசென்ஸ் கவரை எடுத்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டாங்க. அந்தக் கவரும் இப்போது அப்படித்தான், புதன்கிழமையிலிருந்து என்னைத் தொடவே விடறதில்லை.

ஒன்பது வந்துடுச்சு பாருங்க. கீழே ஆழியாறு அணை தெரியுதா? வெள்ளையாக, தட்டில் பால் ஊற்றின மாதிரி. எல்லாரும் இங்கே நிறுத்திப் போட்டோ எடுப்பாங்க. நாங்க எடுத்ததில்லை. நிறுத்தினால் இவங்களுக்குப் பிடிக்காது.

முதலாளியிடம் எப்படி ஆரம்பிக்கறது என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன். "சார், நான் விரலை வெச்சேன், அமுக்கலை." இதைச் சொன்னால் அவருக்கு என்ன புரியும்? பொட்டிலிருந்து ஆரம்பிக்கணும். பொட்டு என்றால் பாப்பாவைச் சொல்லணும். பாப்பா என்றால் பாசி வளைவைச் சொல்லணும். அவ்வளவு பேச்சுக்கு நான் எங்கே போவேன்?

ஆழியாறு வந்துவிட்டது. இனிமேல் நேர் ரோடு. தண்ணி குடிக்கறீங்களா? பார்த்தீங்களா, ஒரு தடவைகூட நீங்க வாந்தி எடுக்கவில்லை.

பொள்ளாச்சியில் யாராவது கூட்டிக்கொண்டு போக வருவாங்களா? தம்பி வருவாரா, நல்லது. அதோ பஸ் ஸ்டாண்டு. எழுந்திருக்காதீங்க, நிற்கட்டும். இவங்களும் எழுந்துட்டாங்க. இங்கேதான் வர்றாங்க. நான் பேசினது கேட்டிருக்குமோ?

வந்துட்டோமுங்க, இதோ பையை எடுத்துக்கறேன். என்னங்க? ஆமாங்க, காலையில வெச்சதைப் பாப்பா தின்னுட்டா. பரவாயில்லைங்க, அப்படியே… என்னது இது?

சரிங்க. வெச்சுக்கறேனுங்க. நீங்க இறங்குங்க, இதோ வர்றேன்.

அக்கா.

லைசென்ஸ் கவரைத் திறந்து இதை எடுத்து என் கையில் ஒட்டிவிட்டுப் போறாங்க. "சாரு முன்னாடி நெத்தி காலியா நிக்காதே" என்று சொல்லிவிட்டு. மெரூன். பெரிய சைஸ். ஓரத்தில் பாருங்க, பல் பதிந்திருக்கு.

அப்படியென்றால் அது உதிரவில்லை. அன்றைக்கு இவங்கதான் பிய்த்து எடுத்திருக்காங்க. அடியில் மஞ்சள் விளக்கு எரியவில்லை என்பதையும் பார்த்திருக்காங்க. டீக்கடையில் என்னைப் பார்த்தாங்களே, அப்போதே இவங்களுக்குத் தெரியும். பதினைந்து பேர் முன்னால் வாயில் வரவில்லை. இப்போதும் வராது. அதற்குத்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போறாங்க. நான் சொல்வேனாம், இவங்க திகைத்துப்போன மாதிரி நின்று, முதலாளி முன்னாடியே என்னை ரெண்டு திட்டு திட்டுவாங்களாம். திட்டட்டும். நன்றாகச் சத்தமாகவே திட்டட்டும்.

எங்க வீட்டில் பேச வராதது நான் ஒருத்திதான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன் அக்கா.

நடுவில் வைத்திருக்கேனா, கொஞ்சம் பாருங்க? கோணலாக இல்லையே? பசை போய்விட்டது, அழுத்திப் பிடித்தால்தான் நிற்குது. அஞ்சு எண்ணுகிறேன். இந்தத் தடவை நிஜமாகவே அமுக்குகிறேன்.

நின்றுவிட்டது. போதும். நான் பேசி முடிக்கிற வரைக்கும் விழாமல் இருந்தால் போதும்.